மின்சாரம் அரசிடமா, தனியாரிடமா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்சாரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது செயலாளர் கொஞ்சம் தயங்கினார். "சர்க்கரை வியாதி பற்றிப் பேசினால் கூட்டம் வருமே" என்றார். சர்க்கரை வியாதி எல்லோருக்கும் வருவதில்லை, மின்சார பில் எல்லோருக்கும் வருகிறது என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. பட்டதாரி. 1970களில் மத்திய அரசு வேலைக்காகத் தில்லிக்கு வந்தவன், இங்கேயே ஓய்வு பெற்றேன். மின் துறையில் வேலை பார்த்ததில்லை. எந்த மின் கம்பெனியிலும் எனக்குப் பங்கும் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு மின் கட்டண உத்தரவுகளைப் படிப்பதும், ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணைக்குப் போய் உட்காருவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தச் சமயத்தில் இதைப் பேசக் காரணம் உண்டு. 2022 ஏப்ரலில் தாத்ரா நாகர் ஹவேலி, டாமன், டையூ பகுதிகளின் மின் விநியோகம் டொரண்ட் கம்பெனியிடம் போயிற்று. 2025 பிப்ரவரி 1 அன்று சண்டிகர் நகரம் கல்கத்தாவைச் சேர்ந்த ஆர்.பி.-சஞ்சீவ் கோயங்கா குழுமத்திடம் போயிற்று. வாராணசியையும் ஆக்ராவையும் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு அரசு விநியோக நிறுவனங்களைத் தனியாரிடம் தரப் போவதாக உத்தரப் பிரதேசத்தில் 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நம் அங்கத்தினர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு அரசு நிறுவனம். கல்கத்தா, ஆமதாபாத், தில்லிவாசிகளில் பெரும்பாலோருக்குத் தனியார். மும்பையில் பேட்டையைப் பொறுத்தது. இன்று அரசிடம் இருக்கும் ஊர்களிலும் நாளை இந்தக் கேள்வி வாசலுக்கு வரலாம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மின்சாரத் தொழிலில் மூன்று பகுதிகள். உற்பத்தி, உயர் அழுத்தக் கம்பி வழியாகத் தொலைதூரம் கொண்டுபோவது, தெருத் தெருவாக வீடு வீடாக விநியோகிப்பது. உற்பத்தியில் 1991க்குப் பிறகு தனியார் நிறைய வந்துவிட்டார்கள். இப்போது சர்ச்சை எல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான்.

கறிகாய்க்காரர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்கம்பி அப்படியில்லை. ஒரே தெருவில் நாலு கம்பெனி நாலு வரிசைக் கம்பம் நட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும். ஆகவே கம்பி யாரிடம் இருந்தாலும் அது ஏகபோகம். தனியாரிடம் கொடுத்தவுடன் போட்டி வந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஏகபோகம் அப்படியே இருக்கிறது, முதலாளி மட்டும் மாறுகிறார்.

இந்தியாவில் மின்சாரம் பெரும்பாலும் தனியார் கம்பெனிகள் மூலமாகத்தான் நகரங்களுக்கு வந்தது. கல்கத்தாவில் 1899லிருந்து இன்றுவரை தனியார்தான். சென்னையில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி இருந்தது. அதை 1947ல் மாகாண அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் பம்பாயில் பெஸ்ட் நிறுவனம் மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1948ல் மத்தியச் சட்டம் வந்து மாநிலங்களில் மின்சார வாரியங்கள் ஏற்பட வழி செய்தது. தமிழ்நாட்டு வாரியம் 1957 ஜூலை 1 அன்று பிறந்தது.

ஏன் அரசு எடுத்துக்கொண்டது? கம்பெனிகள் பணம் வரக்கூடிய நகரத்தைப் பார்த்தன. கிராமத்துக்குப் போக அவர்களுக்கு அவசியமில்லை. பைக்காரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) என்ற மூன்று புனல் மின் நிலையங்களையும் வெள்ளைக்காரர் காலத்திலேயே சென்னை மாகாண அரசுதான் கட்டியது. அந்த மின்சாரத்தால் கோயமுத்தூர் ஆலைகள் ஓடின, கிணற்றடியில் பம்புசெட்டுகள் வந்தன.

என் மைத்துனர் தமிழ்நாட்டு வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் தனியார் என்று வாயைத் திறந்தால் போதும். "அத்திம்பேர், பத்து வீடு இருக்கற மலைக் கிராமத்துக்கு எந்தக் கம்பெனிக்காரன் கம்பி இழுப்பான்? நாங்க இழுத்தோமே! புயல் அடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்பத்துல ஏறறவன் எங்க லைன்மேன்தான்" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பத்து வீட்டுக்குக் கம்பி இழுத்தால் வணிகக் கணக்கில் நஷ்டம். ஆனால் அந்தப் பத்து வீட்டுக் குழந்தைகள் விளக்கு வெளிச்சத்தில் படித்ததற்கு எந்த லெட்ஜரில் வரவு வைப்பது?

பிறகு வாரியங்கள் ஏன் கடனில் மூழ்கின? பழைய 1948ஆம் வருஷச் சட்டத்திலேயே, பின்னால் வந்த திருத்தத்தின்படி, நிகரச் சொத்தில் குறைந்தது 3 சதவீதம் உபரி காட்ட வேண்டும் என்று இருந்தது. பல மாநிலங்களில் அது காகிதத்தோடு சரி. விலையை நிர்ணயித்தது என்ஜினீயரோ கணக்கரோ அல்ல, மந்திரிசபை. தமிழ்நாட்டில் 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. கட்சி வித்தியாசம் இதில் கிடையாது. இலவசம் கொடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் முழு விலையை அரசு கஜானா வாரியத்துக்குக் காலாகாலத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால் வாரியம் கடன் வாங்கியது, பிறகு அந்த வட்டிக்காகவும் கடன் வாங்கியது.

இங்கே கொஞ்சம் பௌதிகம் சொல்ல அனுமதியுங்கள். கம்பியில் மின்னோட்டம் போகும்போது சூடு உண்டாகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு நாலு மடங்காகும். இது இயற்கை நியதி, எந்த முதலாளியாலும் பூஜ்யமாக்க முடியாது. நல்ல கம்பி, போதிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் குறைக்கலாம். இன்னொரு வகை இழப்பு உண்டு. கொக்கி போட்டு இழுப்பது, மீட்டரை மெதுவாக ஓடச் செய்வது, ரீடிங் எடுக்காமல் விடுவது, பில் கொடுத்தும் வசூலிக்காதது. இதற்கும் பௌதிகத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் மொத்த இழப்பு என்று கணக்கிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கற்பனைக் கணக்கு. யூனிட் 5 ரூபாய் வீதம் 100 யூனிட் வாங்குகிறோம். செலவு 500 ரூபாய். அதை யூனிட் 6 ரூபாய்க்கு விற்கிறோம். 50 யூனிட்டுக்குத்தான் காசு வந்தது என்றால் வரவு 300, நஷ்டம் 200. அதே 6 ரூபாயில் 90 யூனிட்டுக்குக் காசு வந்தால் வரவு 540. விலையை ஒரு பைசா உயர்த்தாமல் நஷ்டம் போய்விட்டது. மின் விநியோகத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கியிருக்கிறது.

இனி நம் நாட்டில் நடந்த பரிட்சைகளைப் பார்ப்போம்.

முதலில் துணிந்தது ஒரிஸா. 1996 ஏப்ரலில் வாரியத்தைப் பிரித்தார்கள். 1999ல் விநியோகத்தை நாலு பகுதியாக்கித் தனியாரிடம் கொடுத்தார்கள். மூன்று பகுதி பி.எஸ்.ஈ.எஸ். என்ற பம்பாய்க் கம்பெனிக்கு, ஒன்று ஏ.ஈ.எஸ். என்ற அமெரிக்கக் கம்பெனிக்கு. அந்த வருஷம் அக்டோபரில் பெரும் புயல் வந்து கம்பங்களைச் சாய்த்தது. ஆனால் புயல் மட்டும் காரணமல்ல. உண்மையில் இருந்த இழப்பைக் குறைத்து மதிப்பிட்டு ஆரம்பித்தார்கள். இடைக்காலத்தில் அரசு பண உதவி செய்யவில்லை. அரசு அலுவலகங்களே பில் பாக்கி வைத்தன. 2001ல் அமெரிக்கக் கம்பெனி விலகிப் போயிற்று. மற்ற மூன்றின் உரிமத்தையும் 2015 மார்ச்சில் ஆணையம் ரத்து செய்தது. பிறகு 2020 ஜூனிலிருந்து 2021 ஏப்ரலுக்குள் நாலு பகுதிகளும் ஒவ்வொன்றாக டாடா பவர் வசம் போயின. இந்தத் தடவை பங்கு 51 கம்பெனிக்கு, 49 அரசுக்கு. ஒரே மாநிலத்தில் தனியார்மயம் ஒரு முறை தோற்று, மறுபடி ஆரம்பித்திருக்கிறது.

ஒரிஸாவைப் பார்த்துத் தில்லி பாடம் கற்றது. தில்லி வித்யுத் போர்டு 2002 ஜூலை 1 அன்று பிரிக்கப்பட்டு, மூன்று விநியோகக் கம்பெனிகள் வந்தன. இரண்டு பி.எஸ்.ஈ.எஸ். வசம், ஒன்று டாடா வசம். இங்கேயும் 51க்கு 49. அன்று இழப்பு 50 சதவீதத்துக்கு மேல். ஏலத்தில் யார் அதிக விலை தருகிறார் என்று கேட்கவில்லை. ஐந்து வருஷத்தில் இழப்பை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டார்கள். இடைக்கால உதவியாக அரசு சுமார் 3,450 கோடி ரூபாய் ஒதுக்கியது. சொத்தைக் குறைவாக மதிப்பிட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்ற குறையும் அப்போது எழுந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

விளைவு நாம் கண்ணால் கண்டது. மின்னணு மீட்டர் வந்தது. கொக்கி போட முடியாத உறையிட்ட கம்பிகள் வந்தன. இன்று மூன்று கம்பெனிகளிலும் இழப்பு ஒற்றை இலக்கத்துக்கு வந்திருக்கிறது. 1990களின் தில்லிக் கோடையை அனுபவித்தவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்றைய நிலையோடு ஒப்பிட்டு நீங்களே சொல்லலாம். இந்தப் பெருமையைக் கம்பெனிகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பில்லில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மின்சாரத்தை விலைக்கு வாங்கவே போகிறது. உற்பத்தி நிலையங்கள் விலையைக் கூட்டினால் விநியோகக் கம்பெனி யாருடையது என்பதால் அது குறையாது. செலவு கூடும்போது கட்டணத்தை உயர்த்த ஆணையம் தயங்கியது. தேர்தல் வரும், கூச்சல் வரும். ஆகவே ஓர் உபாயம் செய்தார்கள். "இந்தத் தொகை உங்களுக்கு வர வேண்டியதுதான், பிறகு வசூலித்துக்கொள்ளலாம்" என்று புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். இதற்கு ரெகுலேட்டரி அசெட் என்று பெயர். கம்பெனிக்கு அது சொத்து. நமக்கு அது கடன், வட்டியோடு வளரும் கடன்.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு, இப்படிப்பட்ட நிலுவைகளை எல்லா மாநிலங்களிலும் காலக்கெடு வைத்துத் தீர்க்க வேண்டும் என்று சொன்னது. தில்லியின் மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து அதில் குறிப்பிடப்பட்ட தொகை 27,000 கோடி ரூபாய்க்கு மேல். தில்லியில் இணைப்புகள் 70 லட்சம் அளவில் இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள். ஓர் இணைப்புக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நாம் யாரும் கையெழுத்துப் போடாத புரோநோட்டு இது!

2019 ஆகஸ்டு முதல் தில்லியில் மாதம் 200 யூனிட் வரை உபயோகிக்கும் வீடுகளுக்கு பில் இல்லை. அதற்கான பணம் தில்லி அரசின் கஜானாவிலிருந்து போகிறது. அதாவது தனியார் என்று நாம் சொல்லும் ஏற்பாட்டிலும் அரசுப் பணம் நிறையவே ஓடுகிறது. ஆனால் இந்தக் கம்பெனிகளின் கணக்கை மத்தியத் தணிக்கை அதிகாரி தணிக்கை செய்யலாம் என்று தில்லி அரசு எடுத்த முடிவை 2015 அக்டோபரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் இருக்கும்போது அது தேவையில்லை என்பது தீர்ப்பின் சாராம்சம். அப்படியானால் பொறுப்பு முழுவதும் ஆணையத்தின் மேல் விழுகிறது. அந்த ஆணையத்துக்குத் தலைவரை நியமிப்பதில் 2023ல் தில்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் தகராறு வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றமே தற்காலிகத் தலைவரை நியமிக்க வேண்டியதாயிற்று. நடுவர் நாற்காலி காலியாக இருந்தால் ஆட்டம் எப்படி நடக்கும்?

அப்படியென்றால் அரசிடமே இருக்கட்டும் என்று முடிவு கட்டலாமா? அதற்கு குஜராத்தைப் பார்க்க வேண்டும். ஆமதாபாத், சூரத் நகரங்கள் தனியாரிடம். மாநிலத்தின் பெரும்பகுதி நாலு அரசு கம்பெனிகளிடம். 2000ஆம் வருஷ வாக்கில் குஜராத் மின் வாரியம் பெரும் நஷ்டத்தில் இருந்தது. விற்கவில்லை. 2003க்குப் பிறகு ஜோதிகிராம் திட்டத்தில் கிராம வீடுகளுக்கு ஒரு தடம், பம்புசெட்டுக்கு வேறு தடம் என்று கம்பியைப் பிரித்தார்கள். வீட்டுக்கு நாள் முழுவதும் மின்சாரம், வயலுக்கு நேரம் குறித்து மின்சாரம். திருட்டைப் பிடிக்கத் தனிக் காவல் நிலையங்கள் வைத்தார்கள். சில வருஷங்களிலேயே லாபம் வந்தது. அரசு சொத்தாகவே இருந்தும் ஒழுங்காக நடத்த முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் திருடுபவர் ஓட்டுப் போடுபவர் என்று பாராமல் பிடிக்க அரசுக்கு மனசு வேண்டும்.

மும்பையில் இன்னொரு புதுமை. 2008ல் உச்ச நீதிமன்றம் டாடா கம்பெனியும் சில்லறை விநியோகம் செய்யலாம் என்றது. அதன் பிறகு புறநகர்வாசிகள் கம்பெனி மாற்றிக்கொள்ள முடிந்தது. என் தம்பி பிள்ளை அப்படி மாற்றிக்கொண்டவன். "பெரியப்பா, மாறினது பில்லு மட்டும்தான். வீட்டுக்கு வர கம்பி பழைய கம்பெனியோடதுதான். அதுக்குத் தனியா வாடகை போடறா, பாருங்கோ" என்று பில்லைக் காட்டினான். அவன் சொன்னதுதான் விஷயம். கம்பி ஒன்றாக இருக்கும்வரை போட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பி வாடகையை நியாயமாக நிர்ணயிக்க அங்கேயும் ஆணையம்தான் வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து எனக்குத் தோன்றும் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். ஒரிஸாவில் தனியார் தோற்றார்கள், குஜராத்தில் அரசு ஜெயித்தது. தில்லியில் தனியார் இழப்பைக் குறைத்தார்கள், ஆனாலும் கடன் மலையாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் அரசு கிராமம் கிராமமாக மின்சாரம் கொடுத்தது, அங்கேயும் கடன் மலையாக வளர்ந்தது. உடைமை ஒரு விஷயம்தான். அதைவிட முக்கியமானவை மூன்று.

ஒன்று, ஒவ்வொரு யூனிட்டும் மீட்டரில் ஏறி, அதற்குக் காசு வர வேண்டும். இரண்டு, விலை உண்மையான விலையாக இருக்க வேண்டும், சலுகை கொடுக்கும் அரசு அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2003ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மூன்று, ஆணையம் யாருக்கும் பயப்படாமல் வருஷா வருஷம் உத்தரவு போட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அரசும் நடத்தலாம், தனியாரும் நடத்தலாம். இல்லையென்றால் யார் நடத்தினாலும் நம் பேரன் பேத்திகள் வட்டியோடு கட்டுவார்கள்.

என் ஊரை விற்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். இன்றைய இழப்பு எவ்வளவு? கணக்கை யார் சரிபார்த்தார்கள்? எட்டாத கிராமத்துக்கும் ஏழை வீட்டுக்கும் கம்பி கொண்டுபோகும் கடமை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? ஊழியர்களின் பென்ஷனுக்கு யார் பொறுப்பு? பழைய கடன் யார் தலையில்? இழப்பு அதிகமாக இருக்கும் ஊரில் புது முதலாளி நல்லது செய்ய இடமிருக்கிறது. சண்டிகரில் இழப்பு ஏற்கெனவே குறைவு, லாபமும் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் கைமாற்றுவதற்கு என்ன அவசியம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடைசியாக, நாம் என்ன செய்யலாம்? கட்டண மனு வந்தால் அதைப் பிரசுரித்து, பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்து, 120 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று 64ஆம் பிரிவு சொல்கிறது. நான் போன விசாரணைகளில் கம்பெனி சார்பில் வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள். வீட்டு உபயோகிப்பாளர் பக்கத்தில் நாற்காலிகள் காலியாக இருக்கும்.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரிகள் இருக்கிறார்கள், பாங்கு மானேஜர்கள், என்ஜினீயர்கள், கணக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஐந்நூறு பக்க மனுவைப் பார்த்து மிரளாதவர்கள் நாம். ஒவ்வொரு ஊர்க் கிளையும் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அந்தந்த மாநில ஆணையத்தின் மனுவைப் படித்து, ஒரு பக்கத்தில் ஆட்சேபம் எழுதி அனுப்பினால் போதும். பில்லில் தவறு இருந்தால் 42ஆம் பிரிவின்படி குறை தீர்க்கும் மன்றம் இருக்கிறது, அதற்கு மேல் ஓம்பட்ஸ்மன் இருக்கிறார். வீட்டுக்குப் போனதும் உங்கள் பில்லை எடுத்து, யூனிட் விலையைத் தவிர வேறு என்னென்ன தலைப்பில் பணம் கட்டுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். புரியாத தலைப்பு ஏதாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்கு பில்லோடு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.